செம்பனை எண்ணெய் கொடுத்து வாங்கும் விமானம் எந்த வேலைக்கு?

2023 மே மாதம் லங்காவியில் நடந்த லிமா என்ற விமான, கப்பல் கண்காட்சியில், தென்கொரியாவிடமிருந்து 18 எஃப்ஏ-50 இலகு போர் விமானங்களை வாங்கும் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திட்டது. விலை ஏறக்குறைய 400 கோடி ரிங்கிட். அதில் பாதிக்குக் குறையாமல் செம்பனை எண்ணெயாகவே கொடுக்கப்போவதாக அந்த ஆண்டு அறிவித்தார்கள். கெடாவில் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் பக்கம் இருக்கும் நமக்கு இது நெருக்கமான செய்தி. தோட்டத்தில் வெட்டி, லோரியில் ஏற்றி, ஆலையில் பிழிந்த எண்ணெய் நாட்டின் வான் காவலுக்கு விலையாகப் போகிறது.

இது முதல் தடவையும் இல்லை. 1990களில் ரஷ்யாவிடம் மிக்-29 போர் விமானங்கள் வாங்கியபோதும், 2003இல் 18 சுகோய்-30 போர் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டபோதும் விலையில் ஒரு பகுதி செம்பனை எண்ணெயாகத்தான் போனது. 2007 அக்டோபரில் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் ஷுகோர் விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்ததும் அந்தச் சுகோய் ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்த ஏற்பாடுதான்.

எஃப்ஏ-50 செய்தி வந்ததும் ஒட்டுக்கடைப் பேச்சில் ஒரு கேள்வி அடிக்கடி எழுந்தது. "இது பயிற்சி விமானத்திலிருந்து வந்தது தானே? இவ்வளவு எண்ணெயைக் கொடுத்து நல்ல போர் விமானமாகவே வாங்கியிருக்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. எஃப்ஏ-50 உண்மையிலேயே டி-50 என்ற பயிற்சி விமானத்தின் வழி வந்தது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், ஒரு விமானப்படையில் என்னென்ன வேலை இருக்கிறது, எந்த வேலைக்கு எது போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர் மட்டும் இருந்தால் வேலை ஓடாது. உரம் போட ஆள், லோரி ஓட்ட ஆள், கணக்கெழுதக் கிராணி, காய்ச்சல் பார்க்க டிரஸர் என்று எல்லாரும் வேண்டும். விமானப்படையும் அப்படித்தான். ஒரு நாட்டிடம் எத்தனை போர் விமானம் என்று எண்ணிப் பார்ப்பதைவிட, எந்த வேலைக்கு ஆளில்லாமல் கிடக்கிறது என்று பார்ப்பதே சரியான கணக்கு என்பது என் கருத்து.

நம் ஊர் இருக்கும் இடம் இதைப் பார்க்க வசதியானது. வடக்கே அலோர் ஸ்டாரில் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளி, தெற்கே பட்டர்வொர்த்தில் போர் விமானத்தளம். இரண்டுக்கும் நடுவில் நாம்.

அலோர் ஸ்டாரில் பறப்பது பிசி-7 எம்கே 2. சுவிட்சர்லாந்துத் தயாரிப்பு, மூக்கில் ஒரு விசிறி, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. விமானி ஆகப்போகும் பிள்ளைகள் முதலில் இதில்தான் பழகுகிறார்கள். இதிலிருந்து நேராக சுகோயில் ஏறிவிட முடியாது. வேகம், உயரம், ரேடார், ஆயுதம் எல்லாம் ஒரே நேரத்தில் தலைமேல் விழும். அதனால் நடுவில் ஒரு படி வேண்டும். அந்தப் படியாக இத்தாலியின் எம்பி-339 இருந்தது. அப்புறம் பிரிட்டனின் ஹாக்.

ஹாக் விமானங்களை மலேசியா 1990இல் கேட்டு, 1994, 95இல் பெற்றது. இரண்டு பேர் அமரும் ஹாக் 108 பத்தும், ஒருவர் மட்டும் அமரும் ஹாக் 208 பதினெட்டும் வந்தன. பட்டர்வொர்த்திலும் லாபுவானிலும் நிறுத்தினார்கள். 208 வெறும் பயிற்சி விமானம் இல்லை. மூக்கில் ரேடார் உண்டு, ஏவுகணை தூக்கும், குண்டு வீசும். ஆனால் நேராகப் பறக்கையில் ஒலியின் வேகத்தைத் தாண்டாது.

2021 மே 31 அன்று நடந்ததைப் பார்த்தால் இந்த ரக விமானத்தின் இடம் புரியும். சீன விமானப்படையின் 16 விமானங்கள் வரிசையாகத் தென்சீனக் கடலின் மேல் வந்து, சரவாக் கரையை நெருங்கின. தொடர்பு கொண்டபோது பதில் இல்லை. லாபுவானிலிருந்து ஹாக் 208 விமானங்கள் கிளம்பிப் போய், வந்தது யார் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்தன. வந்தவை இல்-76, ஒய்-20 என்ற பெரிய சரக்கு விமானங்கள். அன்றைக்குத் தேவைப்பட்டது உலகின் ஆகச் சிறந்த போர் விமானம் இல்லை. பக்கத்தில் நிற்கிற, சில நிமிடத்தில் கிளம்பக்கூடிய, ஒரு மணி நேரம் பறந்தால் கஜானா காலியாகிவிடாத விமானம்தான் தேவைப்பட்டது. சமாதான காலத்தில் வான் காவலின் பெரும்பகுதி இந்த மாதிரி வேலைதான். எஃப்ஏ-50 வருவது ஹாக், எம்பி-339 இரண்டின் இடத்துக்கு. ஒலியைப் போல ஒன்றரை மடங்கு வேகம் அதற்கு உண்டு, விமானிகளுக்குப் பயிற்சியும் கொடுக்கலாம். பிலிப்பீன்ஸ் 2017இல் மராவி நகரச் சண்டையில் இதே ரகத்தைக் குண்டு வீசப் பயன்படுத்தியது. போலந்து 48 வாங்கியிருக்கிறது. ஆக, ஒட்டுக்கடைக் கேள்விக்கு என் பதில் இதுதான்: சுகோய் செய்கிற வேலைக்கு இதை வாங்கவில்லை, ஹாக் செய்கிற வேலைக்கு வாங்கியிருக்கிறார்கள். அந்த வேலை அவசியமான வேலை.

சரி, சுகோய் செய்கிற வேலை என்ன?

சுகோய்-30எம்கேஎம் கிளந்தான், திரெங்கானு எல்லைப் பக்கம் கோங் கெடாக் தளத்தில் இருக்கிறது. முழுச் சுமையோடு கிளம்பும்போது எடை 38 டன்னைத் தொடும். எஃப்ஏ-50 அதில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு இன்ஜின், புகை வரும் வாயையே திருப்பிக்கொள்ளும் வசதி, நீண்ட தூரம் போகும் அளவு எரிபொருள், தூரத்து இலக்கை அடிக்கும் ஏவுகணைகள். தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் நடுவில் அகன்ற கடல் கிடக்கிற நாட்டுக்கு இந்தத் தூரமும் சுமையும் வேண்டியவை. இதன் மூல வடிவம் இந்தியாவின் சுகோய்-30எம்கேஐ. அதனால்தான் தொடக்கத்தில் இந்திய விமானப்படையிலிருந்து ஒரு குழு கோங் கெடாக் வந்து நம் விமானிகளுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் பயிற்சி கொடுத்தது.

பட்டர்வொர்த்தில் இருப்பது அமெரிக்காவின் எஃப்/ஏ-18டி ஹார்னெட். மொத்தமே 8 தான். 1997இல் வந்தவை. சாய்ந்து நிற்கும் இரட்டை வால், இரண்டு இன்ஜின், இரண்டு இருக்கை. முன்னால் இருப்பவர் ஓட்டுவார், பின்னால் இருப்பவர் இலக்கையும் ஆயுதத்தையும் பார்த்துக்கொள்வார். இரவில் தரை இலக்கைத் துல்லியமாகத் தாக்குவதற்காகவே இந்த வகையை வாங்கினார்கள். 2013 மார்ச் 5 அன்று சபாவின் லாகாட் டத்துவில் ஊடுருவிய ஆயுதக் கும்பலின் மேல் ஹார்னெட்டும் ஹாக்கும் சேர்ந்து குண்டு வீசின. 8 விமானம் என்றதும் குறைவாகத் தோன்றும். ஆனால் அந்த இரவு வேலைக்கென்று தனியாகப் பழகிய ஆட்கள் இருப்பது எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம்.

போர் விமானம் என்றால் ஒன்றை ஒன்று துரத்திச் சுடுவது என்ற படம் பலர் மனத்தில் இருக்கிறது. முன்பு இடைமறிக்க ஒரு விமானம், குண்டு போட ஒரு விமானம் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். இன்று பெரும்பாலான நாடுகள் இரண்டையும் ஒரே விமானத்தில் சேர்த்துவிட்டன. குண்டு வீசுவதற்கென்றே பெரிய விமானம் வைத்திருப்பவை அமெரிக்கா, ரஷ்யா, சீனா மட்டும்தான்.

வேலைக்கும் விமானத்துக்கும் பொருத்தம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் ஊர் ஒரு தடவை பார்த்திருக்கிறது. சுங்கைப் பட்டாணியில் 1941இல் ஒரு போர் விமானத்தளம் இருந்தது. இன்றைக்கும் இங்கே உள்ள இராணுவ முகாமுக்கு லாப்பாங்கான் தெர்பாங், அதாவது விமானத்தளம், முகாம் என்றுதான் பெயர். மலாயாவைக் காக்க 336 விமானம் வேண்டும் என்று லண்டனில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஜப்பானோடு போர் தொடங்கிய டிசம்பர் 8 அன்று பறக்கும் நிலையில் இருந்தவை 158. எண்ணிக்கைக் குறைவு ஒரு பக்கம் இருக்கட்டும், இருந்தவை என்ன ரகம் என்று பாருங்கள். சுங்கைப் பட்டாணியில் ஆஸ்திரேலியப் படையின் பஃபலோ விமானங்கள் நின்றன. மெதுவானவை, உயரம் ஏறத் திணறுபவை, ஜப்பானிய விமானங்களுக்கு ஈடு கொடுக்க முடியாதவை. கூடவே பிளென்ஹைம். அது அடிப்படையில் குண்டு வீசும் விமானம், துப்பாக்கியைக் கூடுதலாகப் பொருத்தி இரவுப் போர் விமானம் என்று வைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் பேர் வாங்கிய ஹரிக்கேன் ஒன்றுகூட அன்றைக்கு மலாயாவில் இல்லை. எதிரி வருவதை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடும் வடக்கில் போதவில்லை. அன்று காலையிலேயே ஜப்பானியர் இந்தத் தளத்தைத் தாக்கினார்கள். நின்றிருந்த விமானங்களில் பல தரையிலேயே அழிந்தன, மிஞ்சியவை பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கின.

மறுநாள் பட்டர்வொர்த்திலும் அதே கதை. தாய்லாந்தின் சொங்க்லாவில் இருந்த ஜப்பானியரைத் தாக்க பிளென்ஹைம்கள் கிளம்பத் தயாராக நின்றபோது தளத்தின் மேல் குண்டு விழுந்தது. ஏற்கனவே மேலே ஏறிவிட்ட ஒரே விமானத்தை ஓட்டியவர் ஆர்தர் ஸ்கார்ஃப். துணைக்கு ஒரு போர் விமானமும் இல்லாமல் தனியாகப் போய்க் குண்டு வீசினார். கடுமையாகக் காயம்பட்டும் அலோர் ஸ்டார் வரை ஓட்டிவந்து இறக்கினார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. 1946இல் அவருக்குப் பிரிட்டனின் ஆக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அந்த மனிதரின் துணிச்சலை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. அவரைத் தனியாகப் போக வைத்த குறைபாட்டை நினைத்தால் கோபமும் வருகிறது.

இனி, ஆயுதமே தூக்காத விமானங்களுக்கு வருவோம். சாதாரண மக்கள் விமானப்படையை நேரில் சந்திப்பது இவற்றின் வழியாகத்தான்.

அரச மலேசிய ஆகாயப் படை 1958இல் தொடங்கியபோது அதன் கையில் இருந்த முதல் விமானமே ஒரு சிறு போக்குவரத்து விமானம். டுவின் பயனியர் என்ற அந்த இரட்டை இன்ஜின் விமானத்துக்குத் துங்கு அப்துல் ரஹ்மான் லாங் ராஜாவாலி என்று பெயர் வைத்தார். குட்டையான ஓடுதளத்தில் இறங்கி ஏறக்கூடியது. காடும் மலையுமான நாட்டுக்கு முதலில் வேண்டியது அதுதான். 1976இல் சி-130 ஹெர்குலிஸ் வந்தது. நான்கு விசிறி, தடித்த வயிறு, பின்பக்கம் கீழே இறங்கும் கதவு. 20 டன் வரை ஏற்றும். ஜீப், அரிசி மூட்டை, தூக்குப்படுக்கையில் நோயாளிகள், பாராசூட் வீரர்கள் என்று எதையும் ஏற்றிக்கொண்டு இன்றும் பறக்கிறது.

அதற்கு மேலே ஏ400எம். இந்த விமானத்தை உருவாக்கிய நாடுகளுக்கு வெளியே இதை முதலில் வாங்கிப் பெற்றது மலேசியாதான். 4 விமானம், முதலாவது 2015 மார்ச்சில் வந்தது. 37 டன் தூக்கும். ஒவ்வொரு இன்ஜினிலும் எட்டு இதழ் விசிறி இருக்கும், ஹெர்குலிஸில் நான்கு, அடையாளம் காண இது எளிய வழி. 2024 ஆகஸ்டில் எகிப்திலிருந்து காயமுற்ற பாலஸ்தீனர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் சேர்த்து 127 பேரை மலேசியாவுக்குக் கொண்டுவந்தவை இந்த விமானங்கள்தான். எந்தப் போர் விமானமும் செய்ய முடியாத வேலை அது.

ஹெலிகாப்டர் என்றால் மலேசியர்களுக்கு நூரி. சிக்கோர்ஸ்கி எஸ்-61 என்பது அதன் அசல் பெயர். 1968 முதல் அரை நூற்றாண்டு உழைத்தது. சாலை போகாத பூர்வகுடிக் கிராமங்களுக்கு மருத்துவரையும் உணவையும் கொண்டுபோனது, கிழக்குக்கரை வெள்ளத்தில் கூரை மேலிருந்து ஆட்களைத் தூக்கியது. விபத்துகளும் நடந்தன, வீரர்கள் பலர் அதில் உயிரிழந்தார்கள். வயதான இயந்திரத்தை ஓய்வுக்கு அனுப்பாமல் நீட்டித்துக்கொண்டே போவதன் விலை அது என்று நான் நினைக்கிறேன். நூரிக்கு மாற்றாக 12 இசி-725 வந்தன. நூரி ஏறக்குறைய 40 வாங்கிய நாட்டில் 12 என்பது போதாது. பிறகு ஏடபிள்யூ-139 ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. போர் விமானம் பற்றி ஆளாளுக்குப் பேசுகிற நாம், இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவதே இல்லை. வெள்ளம் வருடா வருடம் வருகிறது.

கடல் கண்காணிப்பு இன்னொரு தனி வேலை. மலாக்கா நீரிணையில் ஒரு நாளில் போகிற கப்பல்களில் எது மீன்பிடிப் படகு, எது கடத்தல் படகு, எது அடுத்த நாட்டுப் போர்க்கப்பல் என்று பார்த்துச் சொல்ல வேகம் தேவையில்லை. மணிக்கணக்காக மெதுவாகச் சுற்றும் பொறுமை வேண்டும், வயிற்றில் நல்ல ரேடார் வேண்டும். இதற்கு மலேசியா பல ஆண்டு நான்கே பீச்கிராஃப்ட் விமானங்களை வைத்துச் சமாளித்தது. அப்புறம் சிஎன்-235 சரக்கு விமானங்களில் மூன்றை அமெரிக்க உதவியோடு கடல் கண்காணிப்புக்கு மாற்றியது. 2023இல் எஃப்ஏ-50 கையெழுத்தான அதே கண்காட்சியில் இரண்டு ஏடிஆர்-72 கண்காணிப்பு விமானங்களுக்கும் துருக்கியின் மூன்று அங்கா டிரோன்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. அங்கா லாபுவானுக்குப் போகிறது. விமானி தரையில் உட்கார்ந்திருப்பார், களைத்தால் ஆளை மாற்றிக்கொள்ளலாம், விமானம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பட்டர்வொர்த் பக்கம் போனால் பயணிகள் விமானம் போலவே இருக்கும் ஒரு சாம்பல் நிற விமானம் கண்ணில் படலாம். அது ஆஸ்திரேலியாவின் பி-8 பொசைடன், போயிங் 737இன் உடம்பில் செய்தது. 1971இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் சேர்ந்து செய்துகொண்ட ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு இன்றும் நடப்பில் இருக்கிறது. தளத்தை ஆஸ்திரேலியா 1988இல் மலேசியாவிடம் ஒப்படைத்துவிட்டாலும் கூட்டுக் கண்காணிப்பு தொடர்கிறது.

நம் படையில் விமானமே இல்லாமல் கிடக்கும் வேலை ஒன்று உண்டென்றால் அது வானிலிருந்து எச்சரிக்கும் ரேடார் விமானத்தின் வேலை. தரையில் ரேடார் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பூமி வளைந்திருக்கிறது, அதுதான் பிரச்சினை. நம் பக்கத்து ஜெராய் மலை 1,217 மீட்டர். அதன் உச்சியில் ரேடார் வைப்பதாக வைத்துக்கொண்டாலும், 100 மீட்டர் உயரத்தில் தாழ்வாக வரும் விமானம் ஏறக்குறைய 185 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் தெரியாது. ஜெட் அந்தத் தூரத்தைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். அதே ரேடாரை 9,000 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால் 400 கிலோமீட்டர் தாண்டியும் அடிவானம் மறைக்காது. சிங்கப்பூரிடம் இத்தகைய விமானம் 4 இருக்கிறது, இந்தியாவிடம் இரண்டு வகை இருக்கிறது. மலேசியாவிடம் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால், அடுத்த போர் விமானத்துக்கு முன்னால் இதை வாங்க வேண்டும் என்பேன். 18 சுகோயும் எங்கே போக வேண்டும் என்று தெரிந்து போனால்தானே பயன்.

பறக்கும்போதே எரிபொருள் ஊட்டும் விமானத்தின் கதை இவ்வளவு மோசமில்லை. ஏ400எம் சிறகில் குழாய்ப் பெட்டிகளை மாட்டி அந்த வேலைக்கும் பயன்படுத்த முடியும். ஆனால் நான்கே விமானம். எரிபொருள் ஊட்டப் போனால் அன்றைக்குச் சரக்கு ஏற்ற அது கிடைக்காது.

கடைசியாகப் பராமரிப்பு. 2018இல் அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் ஒரு தகவல் சொன்னார்: 18 சுகோயில் பறக்கும் நிலையில் இருப்பது 4 தான். நாடே அதிர்ந்தது. உள்நாட்டிலேயே பழுதுபார்க்கத் தொடங்கிய பிறகு நிலைமை தேறியது. ரஷ்யச் சுகோய், அமெரிக்க ஹார்னெட், பிரிட்டிஷ் ஹாக், இத்தாலிய எம்பி-339 என்று ஒரே நேரத்தில் நான்கு நாட்டுப் பொருளை வைத்திருந்த படை இது. ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிபாகம், தனிக் கருவி, தனிப் பயிற்சி. ஒன்றுக்காக வாங்கி வைத்த போல்ட்கூட இன்னொன்றுக்கு உதவாது.

எஃப்ஏ-50 விஷயத்தில் எனக்கு ஆறுதலான ஒன்று இங்கேதான் இருக்கிறது. அதில் இருப்பது எஃப்404 இன்ஜின். பட்டர்வொர்த் ஹார்னெட்டில் இரண்டிரண்டாக ஓடுவதும் அதே குடும்பத்து இன்ஜின்தான். 1997 முதல் அதைப் பிரித்து மாட்டிப் பழகிய மலேசியத் தொழில்நுட்பர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், அவர்களிடம் கற்ற இளையவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் கொடுத்து வாங்கும் 18இல் ஒரு காலையில் எத்தனை கிளம்பும் என்பது அவர்கள் கைக்கு உதிரிபாகம் நேரத்துக்கு வந்து சேர்வதைப் பொறுத்தது.